பள்ளிவாசல் பக்கம் குடிவந்தவருக்கு: இஸ்லாம் பற்றி ஒரு நீண்ட பதில்

சேலத்திலிருந்து மாற்றலாகிப் புதுச்சேரி வந்து, முல்லா வீதிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியேறியிருக்கிறீர்கள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள். இவர்கள் எதை நம்புகிறார்கள், ஐந்து வேளையும் ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள், நோன்பை எப்படித் தாங்குகிறார்கள், நான் கொடுத்த கோயில் பொங்கலை வாங்க ஏன் தயங்கினார்கள், உருவ வழிபாடு கூடாது என்பவர்கள் தர்காவுக்கு ஏன் போகிறார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்காரரிடமே கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நினைக்க மாட்டார். கேட்டால் உட்காரவைத்து டீ கொடுத்துச் சொல்லுவார். அதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றால் இதைப் படியுங்கள்.

நான் பிறந்தது பரங்கிப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது புதுச்சேரியில். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். மார்க்கம் படித்துத் தேர்ந்த ஆலிமா இல்லை. மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம்தான் போக வேண்டும்.

முதலில் ஒன்று. இஸ்லாத்தில் பூசாரி கிடையாது. பள்ளிவாசலில் இமாம் என்பவர் முன்னால் நின்று தொழவைப்பவர், அவ்வளவுதான். அவர் ஊருக்குப் போயிருந்தால் குர்ஆனைச் சரியாக ஓதத் தெரிந்த வேறொருவர் முன்னால் நிற்பார். அது மளிகைக் கடைக்காரராகவும் இருக்கலாம். பாவமன்னிப்பு கேட்க இன்னொருவர் தேவையில்லை, நேரே இறைவனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மறுமையில் கணக்குக் கொடுப்பதும் அவரவர்தான். அப்பா பாவத்தைப் பிள்ளை சுமப்பதில்லை, பிள்ளை பாவத்தை அப்பா சுமப்பதில்லை. ஆனால் இப்படித் தனித்தனியே பொறுப்புள்ளவர்களை, தோளோடு தோள் சேர்ந்து நின்று தொழு, ஒரே நேரத்தில் நோன்பு திற, ஊரில் ஒருவர் செத்தால் எல்லோருமாக அடக்கம் செய் என்று மார்க்கம் வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. தனிக் கணக்கு, கூட்டுச் செயல். கீழ்வீட்டில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான் காரணம்.

நம்பிக்கையின் வேர் ஒரே வாக்கியம். 'வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை, முஹம்மது அல்லாஹ்வின் தூதர்.' இதைத்தான் கலிமா என்கிறோம். மனமறிந்து இதைச் சொல்லி ஏற்றுக்கொள்பவர் முஸ்லிம். அந்த ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதைக் குர்ஆனின் 112ஆவது அத்தியாயம் நான்கே வசனத்தில் சொல்லிவிடுகிறது: அவன் ஒருவன், யாரிடமும் எந்தத் தேவையும் இல்லாதவன், எல்லோரும் அவனிடம் தேவையுள்ளவர்கள், அவன் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவுமில்லை, அவனுக்கு நிகர் எவருமில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேச்சு வந்த கையோடு மனப்பாடம் செய்வது இதைத்தான். நிகர் இல்லாதவனுக்கு உருவம் எப்படிக் கொடுப்பது? பள்ளிவாசலுக்குள் படமோ சிலையோ எதுவுமில்லாமல் வெறும் சுவர் இருப்பதற்கு அதுதான் காரணம். நபியின் படத்தைக்கூட நாங்கள் வைப்பதில்லை. மதித்து ஆரம்பித்து வணங்குவதில் போய் முடிந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை.

நம்ப வேண்டியவை ஆறு என்று மதரஸா என்னும் மார்க்கப் பாடசாலையில் சொல்லித் தருவார்கள்: அல்லாஹ், மலக்குகள் என்னும் வானவர்கள், வேதங்கள், நபிமார்கள், மறுமை நாள், நன்மையும் தீமையும் அவன் ஏற்பாட்டின்படியே நடக்கின்றன என்னும் விதி. இதில் நபிமார்கள் பற்றித்தான் வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரிவதில்லை. முஹம்மது நபியோடு இஸ்லாம் தொடங்கியதாக நாங்கள் நினைப்பதில்லை. ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, தாவூது, ஈஸா என்று குர்ஆனில் 25 நபிமார்களின் பெயர்கள் வருகின்றன. ஒவ்வொரு சமுதாயத்துக்கும் தூதர் அனுப்பப்பட்டார் என்றும் அது சொல்கிறது. இந்த ஊர் மாதா கோயில்களில் நீங்கள் பார்க்கும் ஏசுதான் எங்கள் ஈஸா நபி. தந்தையில்லாமல் மர்யமுக்குப் பிறந்தார் என்பதை நாங்களும் நம்புகிறோம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான்; 19ஆவது அத்தியாயத்துக்கே அவர் பெயர். ஆனால் ஈஸாவை இறைவனின் மகன் என்று ஏற்பதில்லை. கிறிஸ்தவர்களோடு எங்களுக்குள்ள பெரிய கருத்து வேறுபாடு அந்த இடத்தில்தான்.

வரிசையில் கடைசி நபி முஹம்மது (ஸல்; அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வாழ்த்து). கி.பி. 570 வாக்கில் மக்காவில் பிறந்தவர். பிறக்கும் முன்பே தகப்பனை இழந்தவர், ஆறு வயதில் தாயையும் இழந்தார். 40 வயதில், 610ஆம் ஆண்டு, முதல் வசனங்கள் அருளப்பட்டன. மக்காவில் எதிர்ப்பு மிகுந்து 622இல் மதீனாவுக்குப் போனார். அந்தப் பயணத்தை வைத்துத்தான் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஓடுகிறது. 632இல் மதீனாவிலேயே காலமானார். அந்த 23 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய வசனங்கள்தான் 114 அத்தியாயங்களாக இருக்கும் குர்ஆன். அது இறைவனின் சொல், நபி எழுதிய நூல் அல்ல என்பது நம்பிக்கை. நபியின் சொல்லும் செயலும் ஹதீஸ் என்று தனியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. தொழு என்று குர்ஆன் சொல்லும்; எப்படிக் குனிவது, எத்தனை முறை என்பதெல்லாம் ஹதீஸில்தான் இருக்கும்.

நபியின் வாழ்க்கையைத் தமிழ்க் காப்பியமாகப் பாடியவர் உமறுப்புலவர். சீதக்காதி வள்ளலின் ஆதரவில் தொடங்கிய சீறாப்புராணம், வள்ளல் மறைவுக்குப் பின் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். எங்கள் ஊர்க்காரர் என்பதால் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒலிபெருக்கி. அதைப் பாங்கு என்போம், சொல்பவர் மோதினார். ஐந்து வேளையும் அதே சொற்கள்தான். 'அல்லாஹ் மிகப் பெரியவன்' என்று நான்கு முறை. கலிமாவின் இரண்டு பகுதிக்கும் சாட்சி சொல்லி இரண்டிரண்டு முறை. 'தொழுகைக்கு வாருங்கள், வெற்றிக்கு வாருங்கள்' என்று இரண்டிரண்டு முறை. கடைசியில் மறுபடி அல்லாஹ் பெரியவன் என்று சொல்லிக் கலிமாவின் முதல் பகுதியோடு முடியும். அதிகாலையில் மட்டும் 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்று கூடுதலாக வரும். உங்கள் தூக்கம் கலைவது அந்த வரியில்தான் என்று நினைக்கிறேன். 'அல்லாஹு அக்பர்' என்பதில் வரும் அக்பருக்கும் முகலாயச் சக்கரவர்த்திக்கும் சம்பந்தமில்லை. வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். முதன்முதலில் பாங்கு சொன்னவர் பிலால். அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினத்தவர். மக்கா நபியின் கைக்கு வந்த அன்று அங்குள்ள புனித இறையில்லமான கஅபாவின் மேல் ஏறி நின்று பாங்கு சொன்னவரும் அவர்தான்.

ஐந்து வேளை என்பது சூரியனை வைத்து. விடிவதற்கு முன் சுப்ஹு, உச்சி சாய்ந்ததும் லுஹர், பிற்பகலில் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், செவ்வானம் மறைந்தபின் இஷா. கடமையான ரக்அத்துகள் முறையே 2, 4, 4, 3, 4, மொத்தம் 17. ரக்அத் என்றால் நின்று ஓதி, குனிந்து, நிமிர்ந்து, இரண்டு முறை நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்யும் ஒரு சுற்று. அதற்கு முன் ஒளு எடுக்க வேண்டும்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலையை ஈரக்கையால் தடவி, கணுக்கால் வரை கால். பழைய பள்ளிவாசல்களில் இதற்கென்றே ஹவுளு என்னும் தண்ணீர்த் தொட்டி இருக்கும், சுற்றி உட்கார்ந்து கழுவலாம். தண்ணீர் கிடைக்காதவர் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தடவிக்கொள்ளலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து, அதுவும் முடியாதவர் படுத்தபடியே தொழலாம். பயணத்தில் இருப்பவர் நான்கை இரண்டாகச் சுருக்கலாம். விட்டுவிடத்தான் முடியாது.

எல்லோரும் மேற்கே பார்த்து நிற்கிறார்களே என்று கேட்டீர்கள். சரியாகச் சொன்னால் மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்த திசை. புதுச்சேரியிலிருந்து மக்கா அந்தப் பக்கம். அங்கிருக்கும் கஅபாவைத்தான் முன்னோக்குகிறோம். அதை வணங்குவதில்லை, உலகம் முழுக்க ஒரே பக்கம் திரும்பி நிற்க ஒரு திசை, அவ்வளவுதான்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தொழுவதையும் பார்க்கலாம். பரங்கிப்பேட்டை, காரைக்கால் போன்ற கடலோர ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. இரண்டுமே சுன்னி முஸ்லிம்களின் நான்கு சட்டப் பள்ளிகளில் உள்ளவைதான். நான் ஷாஃபியாக வளர்ந்தவள், என் கணவர் ஹனஃபி. ஒரு பொருளின் நிழல் அதன் உயர அளவு நீண்டதும் எனக்கு அஸர் வந்துவிடும். அவருக்கு நிழல் இரண்டு மடங்காக வேண்டும். வீட்டில் அஸருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம். கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அப்புறம் டீ போடும் நேரத்தை நடுவில் வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம் லுஹருக்குப் பதில் ஜும்ஆ. குத்பா என்னும் உரையும் இரண்டு ரக்அத்தும். ஆண்களுக்கு இது பள்ளியில் சேர்ந்து தொழ வேண்டிய கடமை. பெண்களுக்குக் கடமையில்லை, வந்தால் தொழலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்கு இடம் கிடையாது, வீட்டிலேயே தொழுகிறோம். புதிதாகக் கட்டுகிற சில பள்ளிகளில் தனி இடம் வைக்கிறார்கள். அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிவாசலுக்கு வரவிடாமல் தடுக்காதீர்கள் என்று நபிமொழி இருக்கும்போது நாம் மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. வீட்டில் தொழுவதே பெண்ணுக்குச் சிறப்பு என்று பதில் சொல்வார்கள். அதற்கும் ஹதீஸ் இருக்கிறது. வாதம் முடிந்தபாடில்லை.

நோன்பு ரமலான் மாதம் முழுவதும். விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டோடு தொடங்கி மஃரிப் பாங்கு வரை சோறு, தண்ணீர், புகை, தாம்பத்தியம் எதுவுமில்லை. தண்ணீர்கூடவா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆமாம், தண்ணீர்கூட. மறந்துபோய்க் குடித்துவிட்டால் நோன்பு முறியாது, நினைவு வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடரலாம். பசியைவிடக் கஷ்டம் நாக்கு. புறம் பேசுவதையும் பொய்யையும் விடாதவர் பட்டினி கிடப்பதால் அல்லாஹ்வுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற கருத்தில் நபிமொழி உண்டு. மதிய வேளையில் நான்கு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அது எவ்வளவு சிரமமான விதி என்பது தெரியும்.

நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், மாதவிலக்கில் இருப்பவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. மாதவிலக்கில் நோன்பு வைக்கவே கூடாது. விட்ட நாட்களை ரமலான் முடிந்தபின் களாவாக வைத்துவிட வேண்டும். அதே நாட்களில் விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. கீழ்வீட்டம்மா ரமலானில் ஒரு நாள் சாப்பிடுவதைப் பார்த்தால் ஏனென்று கேட்காமல் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் முற்றி, இனி வைக்கவே முடியாது என்ற நிலையில் உள்ள பெரியவர்கள் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று கொடுத்துவிடுவார்கள்.

நோன்பு திறப்பது பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு. அதையடுத்து நோன்புக் கஞ்சி. இது அரபு நாட்டு வழக்கமில்லை, நம்ம ஊருடையது: பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, தேங்காய்ப்பால், வசதியிருந்தால் கொத்துக்கறி. பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு வெந்தயம் குளிர்ச்சி, பருப்பு தெம்பு. பள்ளிவாசல்களில் அண்டா அண்டாவாகக் காய்ச்சுவார்கள். தமிழ்நாட்டில் இதற்கென அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது. அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். இரவில் இஷாவுக்குப் பின் தராவீஹ் என்ற நீண்ட தொழுகை. மாதம் முழுக்க அதில் குர்ஆனைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓதிவிடும் பள்ளிகள் உண்டு. குர்ஆன் முதன்முதலில் இறங்கியது இந்த மாதத்தில்தான் என்பதால் அந்தச் சிறப்பு.

பெருநாள் என்று வரும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் மாதம் பிறையை வைத்து, 29 நாள் அல்லது 30. ஆண்டுக்கு 354 நாள்தான் என்பதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். கோடையில் வைத்த நோன்பை மார்கழியிலும் வைப்போம். இங்கே பிறை தெரிந்ததா என்று மார்க்க நீதிபதியான காஜி அறிவிப்பார். சவூதியில் பார்த்தாலே போதும் என்பவர்கள், கணக்கிட்டாலே போதும் என்பவர்களும் உண்டு. விளைவு, ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள் பிரியாணி, எதிர்வீட்டில் நோன்பு. பிரியாணி இரண்டு நாள் வந்தால் காரணம் இதுதான், வாங்கிக்கொள்ளுங்கள். பெருநாள் தொழுகைக்கு முன்பே தலைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி என்று ஃபித்ரா கொடுத்துவிட வேண்டும், பிறந்த குழந்தைக்கும் சேர்த்து. அன்று எந்த வீட்டிலும் உலை காயக் கூடாது என்பதற்காக.

ஜகாத்தைப் பலர் தர்மம் என்று நினைக்கிறார்கள். தர்மம் வேறு; அது ஸதகா, விருப்பப்படி எவ்வளவும் யாருக்கும் கொடுக்கலாம். ஜகாத் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டிய கடமை. ஏழையின் பங்கு நம் பொருளில் கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்து உரியவரிடம் சேர்க்கிறோம் என்பதே இதன் கருத்து. தங்கம் என்றால் சுமார் 11 பவுன், அல்லது அதற்கீடான பணமோ வியாபாரச் சரக்கோ ஓர் ஆண்டு கையிலிருந்தால் இரண்டரை சதவீதம். 20 பவுன் இருக்கிறதென்றால் 160 கிராம், அதற்கு 4 கிராம், அதாவது அரைப் பவுன். இங்கேயும் மத்ஹப் குறுக்கே வரும்: பெண்கள் அணிந்துகொள்ளும் நகைக்கு ஹனஃபியில் ஜகாத் உண்டு, ஷாஃபியில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. ஷாஃபியாக இருந்தும் நான் நகைக்குக் கொடுத்துவிடுகிறேன். சந்தேகத்தோடு போட்டுக்கொள்வதைவிட அது நிம்மதி. வானம் பார்த்த பூமியின் விளைச்சலில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆனே எட்டு வகையினரைச் சொல்கிறது: ஏழைகள், கடனாளிகள், வழியில் தவிக்கும் பயணிகள் என்று. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்து ஜகாத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அவர்களைக் காப்பாற்றுவது எப்படியும் உங்கள் பொறுப்பு.

ஸதகாவுக்கு மதம் பார்ப்பதில்லை. 2004 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத் என்னும் ஊர் முஸ்லிம் அமைப்பு சுற்றியிருந்த மீனவக் குடும்பங்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்ததைக் கடலூர் மாவட்டத்தில் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஹஜ் வசதியும் உடல்நலமும் உள்ளவருக்கு வாழ்நாளில் ஒரு முறை. கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை. ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணி மட்டும் உடுத்துவார்கள்; யார் முதலாளி, யார் கூலி என்று பார்த்தால் தெரியாது. கஅபாவை ஏழு முறை சுற்றி, ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடப்பார்கள். குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடித் தாய் ஹாஜர் ஓடிய ஓட்டம் அது. ஒரு தாயின் தவிப்பை லட்சக்கணக்கான ஆண்களும் நடந்து காட்ட வேண்டியிருப்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். துல்ஹஜ் 9ஆம் நாள் அரஃபா மைதானத்தில் நிற்பதுதான் ஹஜ்ஜின் உயிர். அது தவறினால் ஹஜ் இல்லை. துல்ஹஜ் 10ஆம் நாள் பக்ரீத். இப்ராஹீம் நபி மகனையே பலி கொடுக்கத் துணிந்ததையும், இறைவன் தடுத்து ஆட்டைக் கொடுத்ததையும் நினைத்துக் குர்பானி என்னும் பலி. கறியை மூன்று பங்காக்கி ஒன்று வீட்டுக்கு, ஒன்று உறவுக்கு, ஒன்று ஏழைகளுக்கு என்பது நல்ல முறை. இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்பது குர்ஆன் வசனம்.

உங்கள் பொங்கலுக்கு வருகிறேன். பன்றி, இரத்தம், தானாகச் செத்தது, மது ஆகியவை கூடாது. ஆடு கோழியும் அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்ததாக இருக்க வேண்டும். அல்லாஹ் அல்லாத பெயருக்கு அர்ப்பணிக்கப்பட்டதைச் சாப்பிடக் கூடாது என்றும் இருக்கிறது. அறுத்த பிராணியைப் பற்றித்தான் அது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் படைத்த பொருள் என்றால் பெரும்பாலோர் தவிர்த்துவிடுவார்கள். அவர்கள் தயங்கியதற்கு இதுதான் காரணம், உங்கள் மேலுள்ள வெறுப்பு அல்ல. மறுத்தால் உங்கள் மனம் புண்படுமே என்று வாங்கியும் இருக்கிறார்கள். அடுத்த முறை படைப்பதற்கு முன்பே தனியாக ஒரு பாத்திரத்தில் எடுத்துவைத்து, 'இது படைக்காதது' என்று சொல்லிக் கொடுங்கள். சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள்.

தர்கா கேள்விக்கு ஒரே பதில் இல்லை, முஸ்லிம்களுக்குள்ளேயே சண்டை. சூஃபி வழியில் வாழ்ந்த இறைநேசர்களின் அடக்கத்தலம்தான் தர்கா. போகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றால், நாங்கள் அவரை வணங்கவில்லை, அவர் பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்கிறோம் என்பார்கள். நேரே கேட்கலாம் என்னும்போது நடுவில் ஆள் எதற்கு, இது ஷிர்க்கில், அதாவது இறைவனுக்கு இணை வைப்பதில், கொண்டுபோய் விடும் என்பார்கள் ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீது அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். எங்கள் பரங்கிப்பேட்டையில் மாலுமியார் தர்கா ஒன்று உண்டு, கப்பலோட்டியவர். ஒரே நேரத்தில் தன் எல்லாக் கப்பல்களிலும் காட்சி தருவார் என்று கதை, கடலுக்குப் போகிறவர்கள் காணிக்கை போடுவார்கள். அரைக்காசு நாச்சியார் இன்னொருவர். அவருக்கு மிகச் சிறிய காசுதான் போட வேண்டும், அதிகம் போட்டால் பலிக்காது என்று நம்பிக்கை. இரண்டையும் பற்றி 1906இல் வந்த தென்னார்க்காடு மாவட்ட விவரத் தொகுப்பிலேயே குறிப்பு இருக்கிறது. பணக்காரர் கை ஓங்கவே முடியாத அந்த நாச்சியாரை எனக்குப் பிடிக்கும். ஆனால் கேட்பதை அல்லாஹ்விடம்தான் கேட்பேன்.

கல்யாணம் ஓர் ஒப்பந்தம். பெண்ணின் சம்மதம், வலி என்னும் பொறுப்பாளர், இரண்டு சாட்சிகள், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர். மஹர் பெண்ணுக்கே சொந்தம், அதை வேறு யாரும் தொட முடியாது. மார்க்கம் சொல்வது இவ்வளவுதான். நடைமுறையில் பெண் வீட்டாரிடம் கைக்கூலி என்னும் வரதட்சணை வாங்குவதும் உண்டு. அதற்கு இஸ்லாத்தில் எந்த ஆதாரமும் இல்லை, வெட்கக்கேடு என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

மரணம் நேர்ந்தால் தாமதிக்க மாட்டோம். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கஃபனிட்டு, சந்தூக்கு என்னும் பெட்டியில் வைத்துப் பள்ளிக்குத் தூக்கிப் போய் ஜனாஸாத் தொழுகை. அதில் குனிவதோ ஸஜ்தாவோ கிடையாது, நின்றபடியே நான்கு தக்பீர், அதாவது 'அல்லாஹு அக்பர்' என்று நான்கு முறை. பிறகு கிப்லா, அதாவது கஅபா, பக்கம் முகம் திருப்பி அடக்கம். நீங்களும் துக்க வீட்டுக்கு வரலாம், கபர்ஸ்தான் என்னும் அடக்க இடம் வரை நடந்து வரலாம், மூன்று பிடி மண்ணும் போடலாம்.

பள்ளிவாசலை உள்ளே பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்து பள்ளி நிர்வாகியான முத்தவல்லியிடமோ இமாமிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். முழங்கால் மறையும் உடை போதும், செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். மனைவியும் வருவதாக இருந்தால் தலையில் துணி போட்டுக்கொண்டு, அந்தப் பள்ளியில் பெண்களை அனுமதிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இமாமின் பெயருக்குப் பின்னால் மன்பஈ என்றிருந்தால் லால்பேட்டை மதரஸாவில் படித்தவர், பாகவி என்றிருந்தால் வேலூர். நீங்களே அதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தால் அசந்துபோவார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தாதீர்கள், எடுக்க முடியாது. ரமலானில் கஞ்சிக்குப் போவதாக இருந்தால் மூடியுள்ள பாத்திரமாக எடுத்துப் போங்கள். அண்டாவிலிருந்து நேரே ஊற்றுவார்கள், கை சுடும்.